பத்து எண்ணுவதற்குள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது, நடுவில் தெரிந்தால் முகம் சுளிப்பீர்கள். இராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் பல வருடம் பொறுப்பு சிஸ்டராக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்காதீர்கள். நர்சிங் முடித்த கையோடு வந்து இறங்கும் பிள்ளைகளை மூன்று மாதத்தில் அந்த வேலைக்குத் தேற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. யாரை வைத்துக்கொள்வது, யாரைச் சாதாரண வார்டுக்கு அனுப்புவது என்று மேட்ரனுக்கு எழுதிக் கொடுப்பதும் நான்தான். அதனால் அந்தப் பிள்ளைகள் என்னைக் கண்டால் பயப்படும். எனக்கு அது பிடித்தும் இருந்தது, பொய் சொல்வானேன்.

எட்டுக் கட்டில் கொண்ட அறை அது. கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல், திறக்கவே முடியாதது. வெயில் காலத்தில் ஏ.சி. இரண்டும் சேர்ந்து மூச்சு வாங்கும். பதினொரு மணிக்கு ஆயாம்மா தூக்குவாளியில் டீ கொண்டுவருவார், அதைச் சாமான் அறையில் நின்றுகொண்டே குடிப்போம். ஏலக்காயும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இப்போது பரமக்குடியில் வேலை பார்க்கிறேன். இங்கே டீ மேசைக்கே வருகிறது, உட்கார நாற்காலியும் உண்டு. ஆனாலும் பதினொரு மணியானால் மனசு அந்தச் சாமான் அறைக்குப் போய்விடுகிறது.

கல்லூரியில் பாடம் ஒப்பித்துத் தேறிய பிள்ளை, ஏழு குழாய் சொருகிய ஓர் உடம்பின் முன்னால் முதல் நாள் நிற்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒரு பெண் நேரே மயங்கி என் மேலேயே விழுந்தது. இன்னொன்று, ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு, கட்டிலுக்குப் போகும் வழியை மறந்து வாசல் பக்கம் நடந்தது. முதல் வாரம் பார்க்க மட்டும் விடுவேன். இரண்டாம் வாரம் நான் பக்கத்தில் நிற்க, அவர்கள் தொடலாம். மூன்றாம் வாரம் ஒரு கட்டில் அவர்கள் கைக்குப் போகும். எல்லோருக்கும் நான் சொல்லிக் கொடுத்தது முக்கியமாக இரண்டு விஷயம்.

ஒன்று, மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, ஆளைப் பார். அந்தப் பெட்டி நாள் முழுக்கக் கத்தும், அதற்குப் பயந்தால் வேலை நடக்காது.

இரண்டாவது, சளி எடுக்கும் விஷயம். வென்டிலேட்டரில் இருப்பவரால் இருமித் துப்ப முடியாது. நாம்தான் மெஷினைக் கழற்றிவிட்டு, தொண்டைக் குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்து முடிக்கும்வரை அவருக்குக் காற்று கிடையாது. புதுக் கைகளுக்கு நேரம் போவதே தெரியாது, இன்னும் கொஞ்சம் சளி வருதே என்று உள்ளேயே வைத்திருப்பார்கள். அதற்கு மதுரையில் என் சீனியர் எனக்குச் சொன்னதையே நானும் சொல்வேன். "குழாயை உள்ள விடும்போது நீயும் மூச்சைப் பிடிச்சுக்க. உனக்கு முட்டும்போது வெளிய எடுத்துரு. உனக்கு முட்டுனா அவருக்கும் முட்டும்."

அந்த யோசனை ஒரு தடவைகூடத் தவறியதில்லை. எனக்கெல்லாம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். குழாயை விட்ட வேகத்தில் வெளியே எடுத்துவிடுவேன்.

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தது. ஒல்லி, நல்ல கறுப்பு, நாங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். நோயாளிகளிடம் மட்டும் வாய் ஓயாது. மயங்கிக் கிடப்பவரிடம்கூட, "அய்யா, நான்தான் வந்திருக்கேன், இப்ப மணி ஒன்பது, வெளிய வெயில் ஏறிருச்சு, உங்க முகத்தத் தொடைக்கப் போறேன்" என்று பேசிக்கொண்டே இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். "ஏம்மா, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறியா? வேலையப் பாரு" என்பேன். தலையைக் குனிந்துகொள்ளும். நான் இரண்டு கட்டில் தள்ளிப் போனதும் மறுபடி ஆரம்பித்துவிடும்.

அவள் விரல் நுனிகளில் நூல் நூலாக வெள்ளைத் தழும்புகள் இருந்தன. "என்னடி இது, கத்தியோட சண்டை போட்டியா?" என்று கேட்டேன்.

"கல்லு கிழிச்சது சிஸ்டர்."

"சரி, காயம் இருந்தா ரெண்டு கையுறை போட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். எந்தக் கல், கல்லில் உனக்கென்ன வேலை என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கிற வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

ஒருநாள் டீ நேரத்தில் ஆயாம்மாதான் அவளிடம் பேச்சுக் கொடுத்தார், வார்டில் நிம்மதியாக இருக்காமல் இந்த அறைதான் வேண்டும் என்று ஏன் கேட்டு வாங்கினாய் என்று. அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போது அவளுடைய அப்பாவை மதுரையில் ஓர் ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்களாம். "கதவுக்கு வெளியவே பத்து நாள் உக்காந்திருந்தோம் ஆயாம்மா. உள்ள என்ன செய்றாகன்னு யாரும் சொல்லல. அய்யா வீட்டுக்கு வரல. அன்னைக்கே நெனச்சேன், ஒரு நாளாவது அந்தக் கதவுக்கு உள்ள நிக்கணும்னு." டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் வாரம் அவள் கைக்குக் கொடுத்த கட்டிலில் ஒரு மிளகாய் விவசாயி இருந்தார். உத்தரகோசமங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். களத்தில் வத்தல் காயப்போட்டுவிட்டுக் காவலுக்குத் தரையில் துண்டை விரித்துப் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. அவர் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்து சேர்க்கும்போது இமை சரிந்திருந்தது, கொஞ்ச நேரத்தில் மூச்சும் சரிந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றி, வென்டிலேட்டரில் போட்டோம்.

கட்டுவிரியன் விஷம் ஒரு விநோதமான விஷம். கை, கால், இமை, நெஞ்சு எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிடும், அறிவைத் தொடாது. பார்த்தால் ஆள் முடிந்துபோன மாதிரி இருப்பார், உள்ளே முழுசாக விழித்திருப்பார். இது எனக்கும் தெரியும், பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். தெரிந்து என்ன பிரயோசனம், அவர் கட்டிலருகே நின்று ஒரு வார்த்தை அவரிடம் பேசியதில்லை.

ஒருநாள் இன்னொரு சிஸ்டர் லீவு. நான் மூன்று கட்டிலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். விவசாயியின் மானிட்டர் கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன். சத்தம் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆக்சிஜன் எண் எழுபதுக்குப் போய் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இவள் குழாயை உள்ளே விட்டபடி, முகத்தில் ஒரு பதற்றமும் இல்லாமல், சாமி கும்பிடுகிறவள் மாதிரி அமைதியாக நிற்கிறாள். ஓடிப்போய் அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மெஷினை மாட்டினேன். எண் மெதுவாக ஏறியது.

அதன் பிறகு நான் பேசியதை இங்கே முழுதாக எழுத முடியாது. "ஆளைக் கொல்லப் பாத்தியே. மூச்சைப் பிடிச்சுக்கன்னு எத்தன தடவ சொன்னேன்" என்று அந்தக் கட்டிலுக்கு மேலேயே நின்று கத்தினேன். "பிடிச்சேன் சிஸ்டர்" என்றாள். "பிடிச்ச மூஞ்சியைப் பாரு" என்றேன்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே ஆள், அதே எண், அதே அமைதியான முகம். இந்தத் தடவை நாடித்துடிப்பும் இறங்க ஆரம்பித்துவிட்டது. டாக்டரும் ஓடிவந்தார், அவரை நிலைக்குக் கொண்டுவரப் பெரும்பாடு பட்டோம். நான் அவளைத் திட்டக்கூட இல்லை. நேரே மேசைக்குப் போய், இந்தப் பெண் ஐ.சி.யூ.வுக்குத் தகுதியில்லை, வார்டுக்கு மாற்றவும் என்று மேட்ரனுக்கு இரண்டு வரி எழுதி மடித்துப் பையில் வைத்தேன். பதினொரு மணி ஆகியிருந்தது. சாமான் அறைக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"உண்மையச் சொல்லு. மூச்சைப் பிடிச்சியா இல்லையா?"

"பிடிச்சேன் சிஸ்டர்."

"அப்புறம் முட்டுச்சா இல்லையா?"

"முட்டல சிஸ்டர். முட்டுனா எடுன்னீங்க. முட்டவே இல்ல."

பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆங்காரம். "சரி, இப்ப பிடி. ரெண்டு பேரும் பிடிப்போம்" என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். இருவரும் மூச்சை இழுத்துப் பிடித்தோம். வினாடி முள் கால்வட்டம் தாண்டுவதற்குள் எனக்குக் காது அடைத்தது. இன்னும் கொஞ்சம் தம் கட்டிப் பார்த்தேன், முடியவில்லை, வாயைப் பிளந்துகொண்டு சுவரில் சாய்ந்தேன். அவள் நின்றாள். முள் அரைவட்டம் போனது. முக்கால் போனது. ஆயாம்மா தூக்குவாளியோடு உள்ளே வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சிஸ்டர், இந்தப் புள்ளைக்குச் சாமி கீமி வந்திருச்சா?" என்றார். முள் ஒரு சுற்று முழுதாக முடித்து, அடுத்த சுற்றில் கால்வட்டமும் தாண்டிய பிறகு அவள் மெதுவாக மூச்சை விட்டாள். இளைக்கவில்லை. அழுதாள், அவ்வளவுதான்.

"நீ யாருடி?" என்றேன். வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"எங்க அம்மா பாசிக்குப் போறவுக சிஸ்டர். நானும் லீவுக்கெல்லாம் போவேன்."

பாம்பன் பக்கத்துப் பெண்கள் படகில் தீவுகளுக்குப் போய், கடலுக்கடியில் பாறையில் வளரும் பாசியை முங்கிப் பறித்து வருவது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விரலில் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள், அப்படியும் பாறை கிழித்துவிடும். கரையில் காயும் பாசியை ராமேஸ்வரம் போகிற பஸ்ஸிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியிருக்கிறேன். அந்தத் தண்ணீருக்குள் மூச்சடக்கப் பழகிய நெஞ்சு ஒன்று என் ஐ.சி.யூ.வில் நின்று, நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. மானிட்டரைப் பார்க்காதே என்றேன், பார்க்கவில்லை. முட்டும்போது எடு என்றேன், முட்டவில்லை, எடுக்கவில்லை. தப்பு என்னுடையது. என் மூச்சுதான் ஊருக்கெல்லாம் மூச்சு என்று நினைத்திருந்தேன்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பையிலிருந்த காகிதத்தை எடுத்து அவள் கண் முன்னால் கிழிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"கிழிக்காதீங்க சிஸ்டர். குடுத்துருங்க."

"ஏன்?"

"தண்ணிக்குள்ள எனக்கு முட்டுனா நான் மேல வந்துருவேன். அந்த அய்யா எங்கன வருவாரு? ரெண்டு தடவ அவர முக்கிப் பிடிச்சிருக்கேன். அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்ல சிஸ்டர்?"

ஆமாம், தெரிந்திருக்கும். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவள் அசையவில்லை. வார்டுக்குப் போகிறேன் என்றாள், இந்தக் கதவுக்குள் நிற்க எனக்கு என்ன யோக்கியதை என்றாள். கடைசியில் ஒரு பேரம் பேசினேன். "அந்த ஆளு வாயைத் திறந்து பேசட்டும். நீ வேணாம்னு அவர் சொன்னா, நானே உன்னைக் கூட்டிப்போய் வார்டுல விடுறேன். அதுவரைக்கும் இங்கன இரு."

இருந்தாள். மூச்சுப் பிடிக்கிற கதையை விட்டுத் தள்ளு, வாயால் எண்ணு, பத்து வந்தால் குழாய் வெளியே இருக்க வேண்டும் என்று சொன்னேன். மனசுக்குள் எண்ணுவாள் என்று நினைத்தேன். அவள் அவர் காதோரம் குனிந்து, "அய்யா, நான்தான். சளி எடுக்கப் போறேன். பத்து எண்ணுவேன், அதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். டாக்டர்கள் சிரித்தார்கள். எனக்கும் ரேடியோ என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன்.

அவர் உடம்பு மெல்ல அவிழ ஆரம்பித்தது. முதலில் ஒரு கால் பெருவிரல். அடுத்த நாள் இமையில் ஒரு துடிப்பு. அவர் தேறத் தேற இவள் வாடினாள். மற்ற பிள்ளைகள் நோயாளி கண் திறந்தால் துள்ளும், இவள் அவர் கண் திறந்த அன்று கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் நின்றே எல்லா வேலையும் செய்தாள், அவர் பார்வையில் படாமல். பொட்டலம் கட்டின மாதிரி அவளுடைய சாமான்களை அலமாரியில் எடுத்துவைத்திருப்பதை ஆயாம்மா பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

தொண்டைக் குழாயை எடுத்தது ஒரு காலை நேரத்தில். மனைவி ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தார். குரல் கரகரவென்று வந்தது. முதலில் களத்து வத்தலை யார் அள்ளினார்கள் என்று கேட்டார். தம்பி அள்ளிட்டாரு என்று மனைவி சொன்னதும் கண்ணை மூடித் திறந்தார். பிறகு கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் உருட்டினார்.

"எண்ணுற புள்ள எங்க?"

அவள் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினேன். மன்னிச்சுக்கங்க அய்யா என்று ஆரம்பித்தவளை அவர் பேசவிடவில்லை.

"மொதல்ல ரெண்டு தடவ செத்தே போனேன் தாயி" என்றார். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "அப்புறம் நீ எண்ண ஆரம்பிச்ச. பகலா ராத்திரியா, என் பொண்டாட்டி வந்தாளா, எல்லாம் நீதான சொல்லுவ. ஆனா அந்த எண்ணிக்கை இருக்கே, அதப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். பத்துன்னா பத்து. ஒரு தடவகூடப் பதினொன்னு போகல." சற்று இளைப்பாறிவிட்டுக் கேட்டார், "மத்தியானமும் நீதான வருவ?"

அவள் தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்கும்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போதும் போதும், தொண்டை புண்ணாயிருக்கு, ஒரேயடியாப் பேசாதீங்க" என்று அவரை அதட்டினேன். என்ன செய்வது, அழுகை வந்தால் எனக்கு அதட்டலாகத்தான் வெளியே வரும்.

அவர் கண் என் பக்கம் திரும்பியது. என் முகத்தைச் சரியாகப் பார்த்திராதவர், குரலை வைத்துப் பிடித்துவிட்டார்.

"நீங்கதான் அந்தத் திட்டுற சிஸ்டரா?"

மனைவி பதறிப்போய் அவர் வாயைப் பொத்த வந்தார். நான் பரவாயில்லை என்று தடுத்துவிட்டு, "ஆமா, நான்தான்" என்றேன்.

"தப்பா நெனைக்காதீக. உங்க கை வேகமான கை, வலிக்காது. ஆனா வாரேன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீக. திடீர்னு குழாய் உள்ள வரும். எப்ப வருவீக, எப்ப வருவீகன்னு பயந்துக்கிட்டே கெடப்பேன்."

அத்தனை வருடம் அந்த அறையில் நின்றிருக்கிறேன். வேகமான கை என்று பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தக் கைக்குப் பயந்துகொண்டு, சொல்ல வழியில்லாமல், எத்தனை பேர் அங்கே கண்மூடிக் கிடந்தார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அந்தப் பெண் போகவில்லை. அலமாரியில் கட்டி வைத்ததை அன்றைக்கே பிரித்துவிட்டாள். இப்போது அந்த எட்டுக் கட்டிலுக்கும் அவள்தான் பொறுப்பு சிஸ்டர். புதுப் பிள்ளைகளிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்வதில்லையாம், எண்ணச் சொல்கிறாளாம். போன மாதம் போனில் பேசும்போது, "புதுப்புள்ள ஒன்னு இருக்கு சிஸ்டர், சத்தமா எண்ண வெக்கப்படுது, என்ன செய்ய?" என்று கேட்டாள். "திட்டு" என்றேன். சிரித்தாள். திட்டமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் இன்னும் குறையவில்லை. பரமக்குடியிலும் பிள்ளைகள் என்னைக் கண்டு ஒதுங்கத்தான் செய்கின்றன. ஆனால் கண்மூடிக் கிடப்பவர் கட்டிலுக்குப் போனால், எதைத் தொடுவதற்கும் முன்னால் காதோரம் குனிந்து சொல்லிவிடுகிறேன்.

"அய்யா, திட்டுற சிஸ்டர் வந்திருக்கேன். பயப்படாதீங்க. பத்து எண்ணுறேன், அதுக்குள்ள எடுத்துருவேன்."